பெரட்டில் என் பேர்

கச்சேரிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நிகழ்ச்சித்தாளில் என்னைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கும். பத்து வரிதான். எங்கே பியானோ படித்தேன், எந்தப் போட்டியில் பரிசு வாங்கினேன், எந்தெந்த நாடுகளில் வாசித்தேன் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசி வரி இப்படி முடியும்: 'இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த விரல்கள் இவருடையவை.' ஒன்பது வரி உண்மை. பத்தாவது வரி பச்சைப் பொய். நான் வாழ்நாளில் ஒரு கூடை கொழுந்துகூட எடுத்ததில்லை.

ஆனால் கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், நான் இருபத்துமூன்று வருடமாக அங்கே வேலை செய்கிறேன் என்று இருக்கும். மழையில்லை, பனியில்லை, ஒழுங்காக வேலைக்கு வந்திருக்கிறேன். பிரசவத்துக்குக்கூட லீவு எடுத்திருக்கிறேன். எனக்குப் பிள்ளையே இல்லை. இது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கலாம், அப்போதெல்லாம் வாய் வரவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லயத்தில் வரிசையாக எட்டுக் காம்பரா, எட்டு ஒற்றை அறைகள். ஐந்தாவது எங்களுடையது. அம்மா, நான், என்னைவிட இரண்டு வயது இளைய தங்கை. அப்பா எனக்கு ஆறு வயதிலேயே தவறிவிட்டார். அம்மா மலையில் கொழுந்து எடுத்து எங்கள் இரண்டு பேரையும் ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கே ஜெபக்கூடத்தின் மூலையில் ஒரு பழைய பியானோ இருந்தது. ஒன்பது வயதில் அதன் முன்னால் உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்கவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அம்மாவிடம் சிஸ்டர் ஒருவர், இந்தப் பிள்ளையின் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். அம்மா அதை டாக்டர் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் விறகு உடைக்கக்கூடாது, சட்டி விளக்கக்கூடாது, பீலியில் கொட்டுகிற மலைத் தண்ணீரில் துணி அலசக்கூடாது, அடுப்பிலிருந்து எதையும் இறக்கக்கூடாது. அத்தனையும் தங்கை தலையில் விழுந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. மார்கழிப் பனியில் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையையும் சேர்த்துத் துவைத்துவிட்டு, கையை அக்குளில் செருகிக்கொண்டு நடுங்குவாள். லயத்துப் பெண்கள் என்னை 'மகாராணி' என்று கேலி செய்வார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அம்மா பாதுகாத்தாள், நான் என்ன செய்வேன் என்று பிற்காலத்தில் நிறையச் சப்பைக்கட்டு கட்டினேன். உண்மையில் வேலை வருகிற நேரம் பார்த்து 'கை வலிக்குது' என்று சொல்லப் பத்து வயதிலேயே எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வீட்டில் பழக பியானோ ஏது? பழைய காலண்டர் அட்டைகளை ஒட்டித் தங்கைதான் ஒரு விசைப்பலகை வரைந்து கொடுத்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஜெபக்கூடத்துக்கு அடிமட்டத்தோடு வந்து ஒவ்வொரு கட்டையின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போனாள். வெள்ளை, கறுப்பு எதுவும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. டிரங்குப் பெட்டியின் மேல் அதை விரித்து நான் விரலை ஓட்டுவேன். அவள் பக்கத்தில் மண்டிபோட்டுக்கொண்டு, இப்போது என்ன சத்தம் வருகிறது என்று கேட்பாள். நான் வாயால் பாடிக் காட்டுவேன். அந்த அட்டையில் ஏழு வருடம் பழகினேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்த வருடம் அம்மா மழையில் கான் என்கிற வடிகாலைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து காம்பராவில் படுக்க வைத்த மறுநாளே ஆபீசிலிருந்து ஆள் வந்தது. வீட்டில் ஒருவராவது வேலைக்குப் பேர் பதிந்தால்தான் காம்பரா. யார் வருவது என்று பெரிய கிளாக்கர் கேட்கச் சொன்னாராம்.

அதில் யோசிக்க ஒன்றுமேயில்லை. நான் மூத்தவள், வயது வந்தவள், பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள், கையில் அடையாள அட்டை இருந்தது. தங்கைக்குப் பதினாறு. அந்த டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். அவளுடைய பிறப்புப் பதிவில் எதையோ பிழையாக எழுதி, திருத்துவதற்கு அம்மா அலைந்துகொண்டிருந்ததால் அவளுக்கு அட்டையே வந்திருக்கவில்லை. யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கை காட்டியிருப்பார்கள். எனக்கோ மூன்று மாதத்தில் கொழும்பில் ஒரு பெரிய போட்டி. ஜெயித்தால் வெளிநாட்டில் படிக்க வழி கிடைக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் காம்பராவில் இருந்தோம். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தங்கை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் என் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"கையி கெட்டுப்போச்சுன்னா நான் எப்புடி அம்மா போட்டிக்குப் போறது?"

அவ்வளவுதான் சொன்னேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே கேட்கத் தெரிந்திருந்தது எனக்கு. தங்கை ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "நான் போறேன். ஒங் கார்டக் குடுக்கா. ரெண்டு மாசந்தானே" என்றாள். நான் எழுந்து போய் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். யாரும் என் கையை முறுக்கி வாங்கவில்லை.

இப்படி ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் வேலை செய்வது தோட்டத்தில் நடக்காததல்ல. கங்காணிக்குத் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். ஆள் கணக்கு சரியாக இருந்தால் போதும். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். என் பேரைக் கூப்பிடுவார். என் தங்கை "வந்திருக்கேங்க" என்பாள். நான் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருப்பேன்.

இரண்டு மாதம் இரண்டு மாதமாக நிற்கவில்லை. அம்மா திரும்ப மலை ஏறவேயில்லை. டிசம்பரில் தங்கையோடு படித்த பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரம், நான் கொழும்பில் போட்டியில் முதலாவதாக வந்தேன். மறுவருடம் ஜெர்மனிக்குப் போய்விட்டேன். பத்தொன்பது வயதில் தங்கைக்கு அவளுடைய சொந்த அட்டை வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாள். பெரிய கிளாக்கர், பேரை மாற்றினால் செய்த வருடமெல்லாம் போய்விடும், ஆள்மாறாட்டம் என்று அக்காளும் தங்கையும் மாட்டிக்கொள்வீர்கள், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியே இருந்தது. கல்யாணம் முடித்து, ஒரு மகளைப் பெற்று, அதன் பிறகும் மலையில் அவள் நான்தான். கூட வேலை செய்த பெண்களுக்கு அவளை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று குழப்பம். கடைசியில் 'பியானோ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பியானோ கூடையை எடு, பியானோ தேத்தண்ணிக்கு வா. இதை அவளே போனில் சொல்லிச் சிரிப்பாள்.

நான் சும்மா இருந்து பேர் வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், சில நாள் பத்து. ஒரே நான்கு வரியை ஒரு வாரம் முழுக்க வாசித்து, விரல் நுனி மரத்துப்போய், பேனா பிடிக்க முடியாமல் இருந்திருக்கிறேன். வயலின்காரர் தன் வாத்தியத்தைத் தானே தூக்கிக்கொண்டு போகலாம். பியானோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊருக்கு ஊர் வேறு பியானோ. ஒன்று கல் மாதிரி இருக்கும், ஒன்று தொட்டாலே கத்தும். அரைமணி நேரத்தில் அதோடு பழகி, ஆயிரம் பேர் முன்னால் பிறந்ததிலிருந்தே தெரிந்ததுபோல வாசிக்க வேண்டும். ஒரு தடவை மேடையில் நடுப்பாகம் முழுவதும் தலையிலிருந்து மறைந்துபோய், கை மட்டும் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு என் கைக்குக் கும்பிடு போட்டேன்.

அந்தப் பத்தாவது வரி வந்தது என் முதல் பெரிய கச்சேரிக்கு முன்னால். குறிப்பு எழுதுகிற அம்மாள், உங்கள் குடும்பம் என்ன தொழில் என்று கேட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் என்றேன். அவருடைய கண் அகலமாயிற்று. நீங்களுமா என்றார். நான் தலையை ஆட்டினேன். 'இல்லை' என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ஆபீஸ் புத்தகத்தில் என் பேர்தானே இருக்கிறது, யார் போய்ப் பார்த்தாலும் இருக்குமே என்பதுதான். திருடுகிறவள்கூட இத்தனை வேகமாகக் கணக்குப் போட மாட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வரி என்னைவிட முன்னால் போய் ஊர் ஊராக நின்றது. பத்திரிகையில் என் வாசிப்பைப் பற்றி எழுதினவர்கள், தேயிலைச் செடிகளின் மேல் பழகிய வேகம் என்று எழுதினார்கள். ஒரு சின்ன ஊரில் கச்சேரி முடிந்ததும் வயதான ஓர் அம்மாள் வந்து என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றேன். சிரிக்கவும் செய்தேன்.

தங்கையிடம் இதை நான் சொல்லவில்லை. அவளுடைய மகள்தான் போனில் எதையோ தேடும்போது அதைக் கண்டுபிடித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். தங்கை அந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "என்னாக்கா, நீ கொழுந்து எடுத்தது எந்த மலையில?" என்று கேட்டுச் சிரித்தாள். கேலிதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் அப்படித்தான் எழுதுவார்கள், உனக்கு ஒரு மண்ணும் புரியாது என்று கத்தினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, சரிக்கா என்று வைத்துவிட்டாள். இன்றுவரை அதற்கு ஒரு மன்னிப்பு கேட்கவில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். தோட்டத்தில் தனி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், ரொம்ப வருடம் வேலை செய்தவர்களுக்கு முதலில். பட்டியலில் பேர் வந்திருக்கிறது. என் பேர். அதிகாரிகள் வந்து ஆளைப் பார்த்துப் பதிவார்களாம், அட்டையில் இருக்கிற முகம் நேரில் வர வேண்டுமாம். லயத்தில் எல்லோர் வாயும் மூடும், அட்டையில் இருக்கிற படம் மூடுமா? வர முடியுமா அக்கா என்று கேட்டாள். இருபத்துமூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது.

போக ஒத்துக்கொண்டேன். அதே சமயம் என்னைப் பற்றி ஒரு விவரணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் இயக்குநர் துள்ளிக் குதித்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. காரணத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஆக, கமராவோடு போய் இறங்கினேன்.

போன அன்றைக்குச் சாயங்காலம் படப்பிடிப்பு ஆட்கள் ஹட்டனுக்குத் தங்கப் போய்விட்டார்கள். தங்கை தேங்காய்ப்பூ போட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைக் கறை வெடிப்புகளுக்குள் இறங்கி, கோடுகோடாகக் கறுத்துப்போன கை. விரல் மூட்டுகள் தடித்திருந்தன. மாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். வீடு இப்ப வராட்டியும் பரவாயில்ல. அடுத்த லிஸ்ட்டுல வரட்டும். ஆனா ஏம் பேருல வரணும்."

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறாள். இத்தனை வருடமும் வேலை செய்தது தங்கைதான், நான் ஒரு நாளும் செய்யவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் நேரில் சொல்ல வேண்டும். பெண்கள் எல்லோரும் சாட்சி சொல்லத் தயார். பழைய கிளாக்கரும் இப்போது இல்லை. பேரைத் திருத்திவிடலாம், வருடமும் போகாது என்று தலைவர் சொன்னாராம்.

"இருவத்திமூணு வருசம் ஒம் பேருக்கு 'வந்திருக்கேங்க'ன்னு சொல்லிட்டேன்" என்றாள். "ஒரு நாளைக்காவது ஏம் பேரக் கூப்புட்டு நான் பதில் சொல்லணும். அம்புட்டுத்தான்."

நாளைக்கே எழுதித் தருகிறேன் என்றேன். அவள் தலையில் கையை வைத்துச் சத்தியமும் செய்தேன். அவளுக்குக் கூச்சமாகப் போய், மாவுக் கையால் என்னைத் தள்ளிவிட்டாள். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மலையில் படப்பிடிப்பு. நான் கொழுந்து எடுக்கிற மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்றார் இயக்குநர். இடுப்பில் கட்டுகிற படங்கைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன். தங்கை வந்து கட்டிவிட்டாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். நான் குனிந்து நகத்தால் கிள்ளினேன். இளங்கொழுந்து ஒடியாமல் முற்றின காம்பும் இலையுமாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. அடுத்த வரிசையிலிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரொம்ப வருடமாகிவிட்டதால் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று இயக்குநரிடம் பூசி மெழுகினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. விரல்களை மட்டும் கிட்டத்தில் எடுத்து, அடுத்த வினாடியே அதே விரல்கள் பியானோவில் ஓடுவதாகக் காட்டுவதுதான் அவருடைய திட்டமாம்.

என் முகத்தைப் பார்த்த தங்கைக்கு மனசு கேட்கவில்லை. கொழும்பிலிருந்து கூட வந்திருந்த உதவியாளரிடம், "ஏங் கைய எடுத்துக்கங்க தம்பி. அவ கையும் ஏங் கையும் ஒண்ணுதான்" என்றாள்.

இயக்குநருக்கு வாயெல்லாம் பல். என் விரலில் ஒரு வெள்ளி மோதிரம் உண்டு, எல்லாப் படங்களிலும் இருக்கும். அதைக் கழற்றித் தங்கைக்குப் போடச் சொன்னார். மோதிர விரலில் ஏறவில்லை. மூட்டைத் தாண்ட மறுத்தது. உதவியாளர் பிடித்து அழுத்தினார், அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் சுண்டு விரலில் பாதிவரை மாட்டினார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் இயக்குநர். அப்புறம் அவள் இரண்டு கையாலும் எடுக்க ஆரம்பித்தாள். கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் போய்த் திரும்பியது. இடது கையும் வலது கையும் வேறு வேறு வேகத்தில், ஒன்றை ஒன்று கேட்காமல், ஒன்றோடு ஒன்று முட்டாமல். அந்த இடது கைக்காக நான் எத்தனை வருடம் முட்டி மோதியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை.

அன்று மத்தியானமே தலைவர் வீட்டில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

அதற்கடுத்த நாள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். சிங்களவர், நல்ல மனிதர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். பெருவிரல் ரேகையை ஒரு சின்ன மிஷினில் பதிய வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவரும் பாடாய்ப் பட்டார்கள். கொழுந்து எடுத்து எடுத்து ரேகை தேய்ந்துபோய், மிஷின் வாங்கவேயில்லை. நெற்றியில் தேய்த்து வைத்தார்கள், தலை எண்ணெயில் தடவி வைத்தார்கள். ஓர் அம்மாவுக்குப் பத்துத் தடவை வைத்தும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. அவர் தப்பு செய்த பிள்ளை மாதிரி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் போய் விரலை வைத்தேன். வைத்த வினாடியே பச்சை.

அதிகாரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கு முதல் தடவையிலே வந்தது இந்த விரல்தான். நல்ல விரல்" என்றார். பிறகு அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "இருபத்துமூன்று வருசம். எல்லாம் நீங்க வேலை செஞ்சதுதானே?"

கைப்பையின் ஜிப்பில் என் கை இருந்தது. இரண்டடி தள்ளி இயக்குநர் கமராவோடு நின்றார். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. உதவியாளர் அதிகாரியின் கேள்வியை மெதுவாக மொழிபெயர்த்துச் சொல்ல, இயக்குநர் என்னைப் பார்த்துப் புன்னகையோடு தலையாட்டினார். பதினைந்து வருடமாக அச்சடித்த வரி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுத அம்மாள், எல்லாம் அந்தப் புள்ளிக்குள் இருந்தன. வாசலில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்த தங்கை நின்றாள். தலை சீவி, கோவிலுக்குக் கட்டுகிற சேலை கட்டி, தன் சொந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க" என்றேன். "நான்தான்."

அதிகாரி ஒரு டிக் போட்டார். வரிசையில் நின்ற பெண்கள் என் மேல் காறித் துப்பியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டார்கள், எனக்காக வெட்கப்பட்டு. நான் வாசலைப் பார்த்தபோது தங்கை அங்கே இல்லை. சேலையை மாற்றிக்கொண்டு பின்னேர வேலைக்கு மலைக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

வெளியே வந்து உடனே திரும்பி உள்ளே போயிருக்கலாம். கமராவை அணைத்த பிறகு போயிருக்கலாம். சாயங்காலம் அதிகாரி ஜீப் ஏறும்வரை நேரம் இருந்தது. போகவில்லை. சொன்ன பிறகு எனக்குள் என்ன இருந்தது என்றால் நிம்மதி. இதைத்தான் என்னால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இதை எழுதி முடித்ததும் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவளே நான்தான். என் வார்த்தையை நானே எப்படி நம்புவது? கடிதம் இன்னும் அதே கைப்பையில் இருக்கிறது.

அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவினாள். நான் அழுதேன். கமரா இருந்ததால்தான், இல்லாவிட்டால் சொல்லியிருப்பேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

"கோவமெல்லாம் இல்லக்கா" என்றாள். "எனக்குப் பழகிருச்சு. நாளைக்கு ஒனக்கு எத்தன மணிக்குப் போகணும்?"

அதோடு சரி. ரொட்டியும் சம்பலும் வைத்தாள். என் தட்டை நான் கழுவப் போனேன். பிடுங்கி அவளே கழுவினாள்.

மறுநாள் விடிய எனக்குக் கொட்டகலைக்கு வான். வான் வரும் பாதை பெரட்டுக் களத்தின் ஓரமாகத்தான் போகும். அவள் வேலைக்குக் கிளம்ப, நானும் பெட்டியோடு கூடவே நடந்தேன். அவள்தான் பெட்டியைத் தூக்கினாள். களத்தில் பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு, வரிசையில் போய்த் தன் இடத்தில் நின்றாள். பனி இன்னும் விலகவில்லை. கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறந்து பேர் வாசிக்க ஆரம்பித்தார். அத்தனை வருடத்தில் நான் அதைக் காதால் கேட்டதேயில்லை.

ஏழாவதாக என் பேரைக் கூப்பிட்டார். நான் பத்தடி தூரத்தில், எல்லோரும் பார்க்க, முழுசாக நின்றுகொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை ஒரு வினாடி என்னை நிமிர்ந்து பார்த்தார். தங்கை என் பக்கம் திரும்பவில்லை.

"வந்திருக்கேங்க" என்றாள்.

அவர் புத்தகத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.